ஹரிஸ்தேயாஸ்: கிளப்பில் பெஞ்ச், நாட்டுக்கு ஒன்பதாம் எண்

2001 அக்டோபர் 6 அன்று மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில் நடந்த போட்டியைப் பற்றிக் கேட்டால், கால்பந்து பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: கடைசி நிமிடத்தில் டேவிட் பெக்கம் அடித்த ஃப்ரீ கிக். அந்தக் கோலில்தான் 2-2 என்று சமன் செய்து இங்கிலாந்து 2002 உலகக் கோப்பைக்குப் போனது. எதிரே ஆடியது கிரீஸ் என்பது சிலருக்கு நினைவிருக்கும். அன்று முதல் கோலை அடித்தது யார் என்பது அநேகமாக யாருக்கும் நினைவிருக்காது. 36ஆம் நிமிடத்தில் அதை அடித்து ஸ்டேடியத்தையே வாயடைக்க வைத்தவர் 21 வயது ஆங்கெலோஸ் ஹரிஸ்தேயாஸ். ஆங்கில வர்ணனையாளர்கள் வாயில் இவர் பெயர் 'கரிஸ்டியாஸ்' ஆகிவிடும்.

மூன்று வருடம் கழித்து இதே ஆள் ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பையின் இறுதிப் போட்டியில் ஒரே கோலைத் தலையால் முட்டி அடித்தார். அந்தக் கோலை யாராலும் மறக்க முடியவில்லை. அதற்கு முன்னும் பின்னும் அவர் ஆடிய ஆட்டத்தைத்தான் மறந்துவிட்டார்கள். 'அதிர்ஷ்டக்காரர், ஒரு ஹெட்டரில் வாழ்ந்தவர்' என்பது அவரைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அப்படிச் சொல்பவர்களுக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது என்பது புரிகிறது. கிளப் ஆட்டங்களின் கணக்கை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

கணக்கு இது. ஜெர்மனியின் வெர்டர் பிரெமன் கிளப்புக்கு லீக்கில் 66 போட்டிகள், 18 கோல்கள். ஒரு ஸ்ட்ரைக்கருக்கு இது சுமார்தான். கிரீஸ் தேசிய அணிக்கு 88 போட்டிகள், 25 கோல்கள். கிரீஸ் மாதிரி கோலைச் சில்லறை எண்ணுவதுபோல் எண்ணிச் செலவழித்த அணிக்கு இது பெரிய எண்ணிக்கை. நாட்டின் கோல் பட்டியலில் 29 கோல்களோடு நிகோஸ் அனஸ்டோபுலோஸ் மேலே இருக்கிறார், அடுத்தபடியாக ஹரிஸ்தேயாஸ், அவருக்கு ஒரே ஒரு கோல் பின்னால் தியோஃபானிஸ் கேகாஸ். ஒரே ஆள், ஒரே கால்கள், ஒரே தலை. கிளப்பில் பெஞ்சில் உட்கார்ந்தவர் நாட்டுக்கு மட்டும் எப்படித் தவிர்க்க முடியாதவர் ஆனார்?

அவர் பிறந்தது 1980இல், வட கிரீஸின் செரெஸ் பகுதியில். பெரிய கால்பந்து என்றால் அங்கிருந்து கிடைப்பது தெசலோனிகி நகரம். அங்கே ஆரிஸ் கிளப்பில் வளர்ந்தார். கிரேக்கக் கால்பந்தின் பணமும் பேரும் ஏதென்ஸ் பக்கம் இருக்கும் ஒலிம்பியாகோஸ், பனதினாய்கோஸ், ஏஇகே ஆகிய மூன்று கிளப்புகளைச் சுற்றித்தான். ஆரிஸ் பழம்பெருமை உள்ள கிளப், ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே. ஹரிஸ்தேயாஸ் அந்த மூவரிடமும் போகாமல் 2002இல் நேரே ஜெர்மனிக்குப் போனார்.

போய்ச் சேர்ந்த பிரெமன் கிளப்பில் ஒரு பெயர் சுவரெங்கும் இருந்தது: ஓட்டோ ரெஹாகல். 1981 முதல் 1995 வரை பதினான்கு வருடம் அங்கே பயிற்சியாளராக இருந்து 1988, 1993 என இரண்டு முறை லீக்கை வென்று கொடுத்தவர். அதே ரெஹாகல்தான் 2001இல் கிரீஸ் அணியின் பொறுப்பை ஏற்றிருந்தார். முதல் போட்டியில் ஃபின்லாந்திடம் 5-1 என்று அடிவாங்கினார். அதற்கு அடுத்த போட்டிதான் மேலே சொன்ன ஓல்ட் டிராஃபோர்ட்.

பிரெமன் அப்போது ஆடியது தரையோடு வேகமாகப் பந்தைக் கடத்தும் ஆட்டம். நடுவில் பிரெஞ்சுக்காரர் ஜோஹான் மிக்கூ பந்தை நறுக்கென்று பிளந்து கொடுப்பார். முன்னால் பிரேசிலின் அயில்டன், குரோஷியாவின் இவான் கிளாஸ்னிச். அயில்டன் 2003-04 சீசனில் மட்டும் 28 கோல்கள் அடித்தார். குட்டையான, பருத்த உடம்போடு அவர் ஓடிய வேகம் தனிக் கதை. அப்படி ஒரு ஜோடி ஓடிக்கொண்டிருக்கும்போது 1.91 மீட்டர் உயரமுள்ள, மேலே வரும் பந்துக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு என்ன வேலை? கடைசி இருபது நிமிடம் இறங்குவதுதான் வேலை. அந்த சீசனில் பிரெமன் லீக்கையும் ஜெர்மன் கோப்பையையும் சேர்த்து வென்றது. ஹரிஸ்தேயாஸும் பதக்கம் வாங்கினார், பெரும்பாலும் பெஞ்சிலிருந்து எழுந்துவந்து.

மே 8 அன்று மியூனிக்கில் பயர்னை 3-1 என்று வீழ்த்தி பிரெமன் லீக்கை உறுதி செய்தது. ஜூலை 4 அன்று லிஸ்பனில் யூரோ இறுதிப் போட்டி. இடையில் 57 நாட்கள். லிஸ்பனில் அவர் கோல் அடித்த நிமிடமும் 57தான். இதில் அர்த்தம் எதுவும் இல்லை, கணக்குப் போட்டுப் பார்த்தபோது கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

சரி, கிரீஸ் பக்கம் வருவோம். 2004க்கு முன் கிரீஸ் இரண்டே இரண்டு பெரிய போட்டித் தொடர்களில் ஆடியிருந்தது. 1980 யூரோவில் ஒரே ஒரு கோல், அதை அடித்தது அனஸ்டோபுலோஸ். 1994 உலகக் கோப்பையில் மூன்று தோல்விகள், வாங்கியது 10 கோல்கள், அடித்தது பூஜ்யம். ஒரு போட்டியில்கூட ஜெயித்ததில்லை. அப்படிப்பட்ட அணியை எடுத்துக்கொண்ட ரெஹாகல், இவர்களால் எதிராளியைவிட நன்றாகப் பந்து ஆட முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொண்டார். அதை ஒப்புக்கொள்ளப் பல பயிற்சியாளர்களுக்கு மனம் வராது. அவருக்குக் கிரேக்க மொழி தெரியாது. உதவியாளர் யோனிஸ் டோபாலிடிஸ்தான் மொழிபெயர்த்துச் சொன்னார். சொல்ல வேண்டியதும் அதிகமில்லை: எதிராளியின் முக்கிய ஆட்டக்காரர்களை ஆளுக்கு ஒருவராகப் பிடித்துக்கொள், பின்னால் ஒருவர் துப்புரவு செய்ய நிற்கட்டும், பந்து கிடைத்தால் ஓரமாகக் கொண்டுபோய் உள்ளே தூக்கிப் போடு. ஐரோப்பா கைவிட்டுப் பல வருடமான முறை இது. பழையது என்று விமர்சித்தவர்களுக்கு, ஜெயிக்கிற ஆட்டம்தான் நவீன ஆட்டம் என்ற பொருளில் பதில் சொன்னார் அவர்.

இந்த ஏற்பாட்டில் ஹரிஸ்தேயாஸ் நின்ற இடத்தைக் கவனிக்க வேண்டும். சட்டையில் நடு ஸ்ட்ரைக்கருக்கு உரிய ஒன்பதாம் எண், ஆனால் பெரும்பாலும் அவர் நின்றது நடுவில் அல்ல, வலது ஓரத்தில். நடுவில் ஸிசிஸ் விரிசாஸ் தனியாக நின்று இரண்டு டிஃபெண்டர்களோடு முட்டி மோதிக்கொண்டிருப்பார். ஹரிஸ்தேயாஸ் வலது பக்கம் இறங்கி, பின்னால் நிற்கும் யூர்காஸ் செய்தாரிடிஸுக்குக் கைகொடுப்பார். எதிரணியின் இடது பேக் மேலே ஏறினால் கூடவே ஓடி வருவார். ஸ்ட்ரைக்கருக்குப் பெயர் வாங்கித் தராத வேலை இது. ஆனால் அணி பந்தைப் பிடித்து இடது பக்கம் போனாலோ, கார்னர் கிடைத்தாலோ, அதே ஆள் ஓரத்திலிருந்து உள்ளே பாய்ந்து வருவார். எதிரணியின் உயரமான இரண்டு சென்டர் பேக்குகளும் விரிசாஸைப் பார்த்துக்கொண்டிருக்க, 1.91 மீட்டர் ஆள் பக்கவாட்டிலிருந்து வந்து எம்பும்போது எதிரே நிற்பது பெரும்பாலும் ஒரு குட்டையான சைடு பேக். ரெஹாகல் திட்டத்தின் சூட்சுமம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். கோல் அடிக்கிற ஆளை, கோல் அடிக்கிற ஆள் நிற்காத இடத்தில் நிறுத்திவைத்தார்.

இது போர்ச்சுகலில் திடீரென்று முளைத்தது அல்ல. தகுதிச் சுற்றில் ஸ்பெயினிடமும் உக்ரைனிடமும் தலா 2-0 என்று தோற்று ஆரம்பித்த கிரீஸ், அடுத்த ஆறு போட்டிகளையும் ஜெயித்தது. எட்டுப் போட்டிகளில் மொத்தமே எட்டுக் கோல்கள். அதில் 2003 ஜூனில் உக்ரைனுக்கு எதிராக 86ஆம் நிமிடத்தில் வந்த ஒற்றைக் கோல் ஹரிஸ்தேயாஸ் அடித்தது. அந்தக் கோல் விழாமல் போயிருந்தால் அப்புறம் லிஸ்பன் ஏது?

யூரோ 2004இன் தொடக்கப் போட்டியில் போட்டியை நடத்தும் போர்ச்சுகலை 2-1 என்று கிரீஸ் வென்றபோது அதை ஒரு விபத்து என்றார்கள். இரண்டாவது போட்டி ஸ்பெயினோடு. 28ஆம் நிமிடத்தில் மோரியன்டஸ் அடித்து ஸ்பெயின் முன்னணியில் இருந்தது. மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த வாசிலிஸ் சியார்தாஸ் தன் இடது காலால் நீளமாக ஒரு பந்தைத் தூக்கிக் கொடுக்க, ஹரிஸ்தேயாஸ் அதை அடக்கி, கீழாக உதைத்து கோல்கீப்பர் காசியாஸைத் தாண்ட வைத்தார். 1-1. ஹெட்டர் தவிர வேறொன்றும் தெரியாது என்பவர்கள் இந்தக் கோலை ஒருமுறை பார்க்கலாம். மூன்றாவது போட்டியில் கிரீஸ் ரஷ்யாவிடம் 2-1 என்று தோற்றது. ஸ்பெயினும் கிரீஸும் 4 புள்ளிகள், ஒரே கோல் வித்தியாசம். அடித்த கோல்களில் கிரீஸுக்கு 4, ஸ்பெயினுக்கு 2. அந்தக் கணக்கில்தான் கிரீஸ் காலிறுதிக்குப் போனது. ஸ்பெயினுக்கு எதிரான அந்தச் சமன் கோல் எவ்வளவு பெறும் என்று அப்போதுதான் தெரிந்தது.

காலிறுதியில் நடப்பு சாம்பியன் பிரான்ஸ். ஜிடான், ஆன்றி என்று பெயர்களைப் படித்தாலே மூச்சு வாங்கும். 65ஆம் நிமிடத்தில் கேப்டன் தியோடோரோஸ் ஸாகொராகிஸ் வலது ஓரத்தில் லிசராசுவின் தலைக்கு மேலே பந்தைத் தட்டிவிட்டுச் சுற்றிப் போய் உள்ளே கிராஸ் போட்டார். ஹரிஸ்தேயாஸை யாரும் தொடவில்லை. அவர் முட்டிய பந்தை கோல்கீப்பர் பார்த்தேஸால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 1-0.

அரையிறுதியில் செக் குடியரசை 1-0 என்று வென்றார்கள். அந்தக் கோல் தற்காப்பு வீரர் டிராயனோஸ் டெல்லாஸ் அடித்தது, சியார்தாஸின் கார்னரில் தலையால். கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடிகிற கணத்தில் வந்த 'சில்வர் கோல்' அது. அந்தப் பாதி முடியும்போது யார் முன்னணியில் இருக்கிறாரோ அவருக்கே வெற்றி என்ற விதி அப்போது இருந்தது, அதன் பிறகு ஒழிந்தது.

இறுதிப் போட்டி லிஸ்பனின் லூஸ் மைதானத்தில், மறுபடியும் போர்ச்சுகலோடு. இந்திய நேரத்தில் அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. ஃபிகோ, டெகோ, 19 வயது கிறிஸ்டியானோ ரொனால்டோ என்று போர்ச்சுகல் விடாமல் வந்துகொண்டே இருந்தது. கிரீஸின் ஆட்ட மூளையான காரகுனிஸ் மஞ்சள் அட்டைகளால் தடையாகி வெளியே உட்கார்ந்திருந்தார். அன்று முழுவதும் கிரீஸுக்குக் கிடைத்தது ஒரே ஒரு கார்னர். வலது பக்கத்திலிருந்து ஏஞ்செலோஸ் பாசினாஸ் அதைப் போட்டார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து, கோஸ்டின்யாவுக்கு மேலே எழும்பி ஹரிஸ்தேயாஸ் முட்டினார். பந்தைப் பிடிக்க முன்னே வந்த கோல்கீப்பர் ரிகார்டோ எட்டாத இடத்தில் நின்றுபோனார்.

இந்த மூன்று நாக் அவுட் கோல்களையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தால் ஒரே படத்தை மூன்று தடவை பார்ப்பது போல இருக்கும். மூன்றும் வலது பக்கத்திலிருந்து வந்தவை, மூன்றும் தலையால் முட்டியவை, மூன்று போட்டியும் 1-0. தொடர் முழுக்க கிரீஸ் அடித்தது ஏழே கோல்கள், அதில் மூன்று ஹரிஸ்தேயாஸுடையவை. தொடரில் அதிக கோல் அடித்த செக் வீரர் மிலான் பாரோஷுக்கு ஐந்து கோல்கள். அவரது அணி அரையிறுதியோடு வீடு திரும்பியது.

அடுத்து நடந்ததுதான் இவரது கதையில் என்னை அதிகம் யோசிக்க வைக்கும் பகுதி. அந்தக் கோடையில் அயில்டன் பிரெமனை விட்டுப் போனார். இனி முதல் பதினொன்றில் இடம் கிடைக்கும் என்று எவரும் நினைத்திருப்பார். கிளப் மிரோஸ்லாவ் க்ளோஸேயை வாங்கியது. அவரோ தலையால் முட்டிக் கோல் அடிப்பதில் உலகத்திலேயே பெயர் வாங்கியவர், காலாலும் அடிப்பவர். ஐரோப்பிய சாம்பியனை உருவாக்கிய ஹெட்டரின் சொந்தக்காரர் மறுபடி பெஞ்சுக்குப் போனார். ஆறு மாதம் பொறுத்தார், 2005 ஜனவரியில் ஹாலந்தின் அயாக்ஸுக்குக் கிளம்பினார்.

அயாக்ஸ் எப்படிப்பட்ட கிளப் என்று சொல்லத் தேவையில்லை. பந்தைக் காலில் வைத்து முக்கோணம் முக்கோணமாகக் கடத்தும் பள்ளிக்கூடம் அது. அங்கே நடு ஸ்ட்ரைக்கர் என்றால் பந்தை வாங்கி, திரும்பி, சுவர் மாதிரி நின்று மற்றவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பெட்டிக்குள் நொடியில் முடிவெடுக்க வேண்டும். ஹரிஸ்தேயாஸ் அங்கேயும் கோல் அடித்தார், 2006இல் டச்சுக் கோப்பை வென்ற அணியிலும் இருந்தார். ஆனால் 2006 ஜனவரியில் கிளாஸ் யான் ஹுன்டெலார் வந்து இறங்கியதும் கதை முடிந்தது.

அப்போது அவர் எடுத்த முடிவு தைரியமா அசட்டுத்தனமா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை. ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸிலிருந்து நேரே ராட்டர்டாமின் ஃபெயெனூர்டுக்குப் போனார். இந்த இரண்டு கிளப் ரசிகர்களும் ஒருவர் ஊர்ப் பெயரை மற்றவர் வாயால் சொல்லக்கூட விரும்பாதவர்கள். அதுவும் யாருடைய இடத்துக்கு? லிவர்பூலுக்குப் போய்விட்ட டிர்க் கௌட் நின்ற இடத்துக்கு. ஓயாமல் ஓடி, கோல் மேல் கோல் அடித்து, ரசிகர்களின் செல்லப் பிள்ளையாக இருந்தவர் கௌட். அவர் இடத்தில் எதிரி வீட்டுப் பிள்ளை வந்து நின்றால் கைதட்டுவார்களா? ஒரே சீசனில் ஹாலந்து வாழ்க்கை முடிந்தது.

க்ளோஸே, ஹுன்டெலார், கௌட் ஆகிய மூவரும் அவரவர் தலைமுறையில் முழுமையான ஸ்ட்ரைக்கர்கள். ஹரிஸ்தேயாஸை இவர்களோடு ஒப்பிட்டுத் தோற்கடிப்பது எளிது. கிளப்புகள் செய்த பிழை வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. லிஸ்பனில் பார்த்த கோலை வாங்கினார்கள். அந்தக் கோலுக்குப் பின்னால் இருந்த ஸாகொராகிஸின் கிராஸையும், விரிசாஸ் வாங்கிய இடிகளையும், எதிரணியை முன்னே வரவிட்டுக் காத்திருந்த பத்துப் பேரின் பொறுமையையும் யாராலும் விலைக்கு வாங்க முடியவில்லை. பந்து முழுவதும் தன்னிடமே இருக்கும் கிளப்பில், எதிரணி தன் பெட்டிக்குள் ஒடுங்கி நிற்கும். அங்கே ஓரத்திலிருந்து பாய்ந்து வர இடமே இருக்காது.

2007இல் அவர் போன நியூரம்பெர்க் அப்போது ஜெர்மன் கோப்பையை வைத்திருந்த அணி. போன முதல் சீசனிலேயே அது லீக்கை விட்டு இறங்கியது. அந்த சீசனின் யுஇஎஃப்ஏ கோப்பையில் பென்ஃபிகாவுக்கு எதிராக அவரும் சாயென்கோவும் அடித்து 2-0 என்று அடுத்த சுற்றுக்குக் கை நீட்டியபோது, கடைசி நிமிடங்களில் கார்டோசோவும் டி மரியாவும் அடித்து அதைப் பறித்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் கிளப் வாங்கிய இன்னொரு ஸ்ட்ரைக்கர் 2.02 மீட்டர் யான் கோலர், யூரோ அரையிறுதியில் கிரீஸிடம் தோற்ற செக் அணியின் கோபுரம். உயரத்திலும் இவரை மிஞ்ச ஆள் வந்துவிட்டார்!

பிறகு லெவர்குசனுக்கு இரவலாக அரை சீசன், பிரான்ஸில் ஆர்ல்-அவினியோனில் கொஞ்ச நாள், 2011 தொடக்கத்தில் ஷால்கே. ஷால்கேயில் மறுபடி யார் இருந்தார் தெரியுமா? ஹுன்டெலார். அங்கே ஒரு நாள் மட்டும் சொல்லத் தகுந்தது. மார்ச் 12, ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு எதிரான போட்டி. எதிரணியில் இருந்த கிரேக்கர் யோர்கோஸ் ட்ஸாவெல்லாஸ் தன் பாதியிலிருந்து பந்தை ஓங்கி உதைக்க, அது எகிறிப்போய் கோலில் விழுந்தது. 73 மீட்டர், அப்போது அது ஜெர்மன் லீக்கின் சாதனை. மறுநாள் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். அந்தப் போட்டியை 2-1 என்று ஷால்கேவுக்கு வென்று கொடுத்த கடைசி நேரக் கோல் ஹரிஸ்தேயாஸுடையது. ஓல்ட் டிராஃபோர்ட் திரும்ப நடந்தது போல.

தேசிய அணியில் அவர் இடம் இந்த அலைச்சலால் ஆடவில்லை. யூரோ வென்ற இரண்டே மாதத்தில் கிரீஸ் அல்பேனியாவிடம் 2-1 என்று தோற்றது, 2006 உலகக் கோப்பைக்கும் தகுதி பெறவில்லை. அந்த இடைவெளியில்தான் கேகாஸ் வளர்ந்தார். 2006-07 சீசனில் போஹும் கிளப்புக்காக 20 கோல்கள் அடித்து ஜெர்மன் லீக்கின் முதல் கோல்காரர், 2010 உலகக் கோப்பைக்கான ஐரோப்பியத் தகுதிச் சுற்றில் 10 கோல்கள். கிளப் கணக்கில் ஹரிஸ்தேயாஸ் அவர் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ரெஹாகல் இருவரையுமே வைத்துக்கொண்டார். 2010 உலகக் கோப்பையில் தென் கொரியாவுக்கு எதிரான முதல் போட்டியில் இருவரும் சேர்ந்தே தொடங்கினார்கள், ஹரிஸ்தேயாஸ் வழக்கம்போல ஓரத்தில். அந்தப் போட்டியில் கிரீஸ் 2-0 என்று தோற்றது வேறு விஷயம்.

அதற்கு முன் யூரோ 2008. நடப்பு சாம்பியனாகப் போன கிரீஸ் ஸ்வீடனிடம் 2-0, ரஷ்யாவிடம் 1-0 என்று தோற்று அப்போதே வெளியேறிவிட்டது. மிச்சமிருந்தது ஜூன் 18 அன்று சால்ஸ்பர்க்கில் ஸ்பெயினோடு ஓர் ஒப்புக்கான போட்டி. 42ஆம் நிமிடத்தில் காரகுனிஸ் ஒரு ஃப்ரீ கிக்கைத் தூக்கிப் போட்டார். பெட்டிக்குள் ஓர் உயரமான ஆள் எழும்பித் தலையால் முட்டினார். ஸ்பெயின் பிறகு இரண்டு கோல் அடித்து வென்றது, அந்தக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனது. கிரீஸ் அந்தத் தொடரில் அடித்தது அந்த ஒரு கோல் மட்டுமே.

அவர் தேசிய அணிக்கு ஆடுவதை 2011இல் நிறுத்தினார். ஊர் திரும்பி அக்ரினியோவின் பனெடோலிகோஸில் ஆடினார், சவூதியின் அல் நஸ்ரில் கொஞ்ச நாள் இருந்தார், ஓய்வுக்குப் பின் வளர்ந்த கிளப்பான ஆரிஸின் நிர்வாகத்தில் பொறுப்பேற்றார். 2012 ஜூன் 8 அன்று வார்சாவில் போலந்துக்கு எதிராக டிமிட்ரிஸ் சல்பிங்கிடிஸ் கோல் அடித்தார். லிஸ்பன் ஹெட்டருக்குப் பிறகு, யூரோ கோப்பையில் ஹரிஸ்தேயாஸ் அல்லாத ஒரு கிரேக்கர் அடித்த முதல் கோல் அதுதான். நடுவில் எட்டு வருடம் போயிருந்தது.